போட்டி நாள் உதறல்: ஆறு வாரம் முன்பிருந்தே தயாராக ஒரு முழுமையான வழிகாட்டி

நீளம் தாண்டுதல் பயிற்சியில் ஐந்து மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிற பெண், கண்டீரவா ஸ்டேடியத்தில் போட்டி என்றதும் நாலரை மீட்டரில் விழுகிறாள். கால் அதே கால், ரன்-அப் அதே ரன்-அப், ஷூகூட அதேதான். பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற எனக்கு ஒவ்வொரு சீசனிலும் இது கண்ணில் படுகிறது. அதைவிட அதிகம் கண்ணில் படுவது பெரியவர்கள் அதற்குச் செய்யும் வைத்தியம். போட்டி அன்று காலையில் முதுகில் தட்டி, "பயப்படாதே கண்ணு, தைரியமா பண்ணு" என்பார்கள்.

அந்த நேரத்தில் சொல்லி ஒன்றும் ஆகாது. பதற்றத்தைக் கையாள்வதும் கற்றுப் பழகவேண்டிய திறமைதான். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம். படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள். மூச்சு பழகாத பிள்ளையிடம் அழுத்தப் பயிற்சி கொடுத்தால் பயம்தான் கூடும்.

நீளம் தாண்டுதலை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். ஓட்டம், கால்பந்து, பாட்மிண்டன் என்று எதுவானாலும் வரிசை இதேதான்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, வீடியோ எடுக்க ஒரு போன், மாலையில் கிரௌண்டுக்கு வரக்கூடிய ஒரு பெரியவர். இவ்வளவு போதும்.

ஆனால் இரண்டு விஷயங்களை முதலில் உறுதி செய்யுங்கள். முதலாவது, திறமை ஏற்கெனவே படிந்திருக்கிறதா? யாரும் பார்க்காத நாளில் பத்து ரன்-அப் ஓடச்சொல்லுங்கள். பாதிக்கு மேல் போர்டில் (கால் ஊன்றி எழும்பும் பலகையில்) கால் விழவில்லை என்றால் குறை ரன்-அப்பில் இருக்கிறது, மனதில் இல்லை. அதைச் சரிசெய்துவிட்டு இங்கே வாருங்கள்.

இரண்டாவது, உடல்நலம். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்கும்போது விசில் சத்தம் இருந்தால் அதைப் "பயம்" என்று ஒதுக்கக்கூடாது. இதயக் கோளாறும் ஆஸ்துமாவும் அப்படித் தோன்றலாம். டாக்டர் பார்த்த பிறகே மற்றது.

1. உடம்பில் நடப்பதைப் பிள்ளைக்கு விளக்குங்கள்

முதல் வாரத்தில் ஒரு நாள் உட்காரவைத்துப் பேசுங்கள். முக்கியமான ஒன்று வரப்போகிறது என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் வயிற்றையும் தோலையும் விட்டுப் பெரிய தசைகளுக்குப் போகிறது. அதனால்தான் வயிறு பிசைகிறது, கை ஜில்லென்று ஆகிறது, சாப்பிட்டது இறங்க மறுக்கிறது. அடிக்கடி பாத்ரூம் போகத் தோன்றுவதும் இதனால்தான்.

இதை ஏன் முதலில் சொல்லவேண்டும்? தெரியாத பிள்ளை, "எனக்கு மட்டும் ஏதோ ஆகிறது" என்று பயப்படுகிறது. அந்த இரண்டாவது பயம் முதல் பயத்தைவிட மோசம். தெரிந்த பிள்ளை, "உடம்பு ரெடியாகுது" என்று எடுத்துக்கொள்கிறது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். "அமைதியா இரு" என்று சொல்லிவிடுகிறார்கள். இதயம் படபடவென்று அடிக்கும்போது அமைதிக்குத் திரும்புவது நெடுந்தூரம். அதே படபடப்பை ஆர்வமாக மாற்றிக்கொள்வது பக்கத்தில் இருக்கிறது. அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்பு "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் "செமயா இருக்கு, போலாம்" என்கிறார்கள். அது போதும்.

2. பழைய போட்டிகளை நோட்டில் எழுதச்சொல்லுங்கள்

நன்றாகச் செய்த ஒரு போட்டி, சொதப்பிய ஒரு போட்டி, நடுவாந்திரமான ஒன்று. மூன்றுக்கும் அன்று காலையில் படபடப்பு பத்துக்கு எவ்வளவு இருந்தது என்று மதிப்பெண் போடச்சொல்லுங்கள். என்ன சாப்பிட்டாள், யாரோடு வந்தாள், வார்ம்-அப்புக்கும் முதல் டிரையலுக்கும் (தாண்டும் வாய்ப்புக்கும்) நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் எழுதட்டும்.

பதற்றம் குறைந்தால் நல்லது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. எர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் 1908-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து, தூண்டுதல் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் செயல் கெடும் என்ற கருத்து வளர்ந்தது. பிறகு யூரி ஹானின் என்ற விளையாட்டு உளவியலாளர், ஒவ்வொருவருக்கும் தனித்தனி உகந்த அளவு உண்டு என்று காட்டினார். ஒருத்திக்கு ஏழு மதிப்பெண் இருந்தால்தான் கால் பறக்கும். இன்னொருத்தி நான்கைத் தாண்டினாலே தடுமாறுவாள். உங்கள் பிள்ளையின் எண் எது என்று தெரியாமல் மூச்சுப் பயிற்சி கொடுத்தால், ஏழு தேவைப்படுகிறவளை மூன்றில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவீர்கள்.

3. உடல் பதற்றமா, மனப் பதற்றமா என்று பிரியுங்கள்

கை உதறுவது, வாய் உலர்வது, வயிறு கலங்குவது உடல் பதற்றம். "அப்பா லீவு போட்டு வந்திருக்கார், மண்ணைக் கவ்விட்டா என்ன சொல்வார்" என்று ஓடிக்கொண்டிருப்பது மனப் பதற்றம். உடல் பதற்றம் பெரும்பாலும் போட்டி தொடங்கியதும் தானாக இறங்கிவிடும். மனப் பதற்றம் ஒவ்வொரு டிரையலுக்கும் ஏறி இறங்கும்.

மருந்தும் வேறு வேறு. உடலுக்கு மூச்சு (படி 4), மனதுக்கு எப்போதும் மாறாத ஒரு செயல் வரிசை (படி 5). பிள்ளை எதையும் சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ரன்-அப் வீடியோவைச் சேர்ந்து பாருங்கள். தோள் காதுவரை ஏறியிருந்தால் உடல். திரும்பத் திரும்ப கேலரியைப் பார்த்தால் மனம்.

4. மூச்சைத் தினமும் வீட்டில் பழக்குங்கள்

நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்கவேண்டும். தினமும் தூங்கும் முன் ஐந்து நிமிடம், இரண்டு வாரம்.

போட்டி அன்று முதன்முறையாகச் செய்தால் எண்ணுவதே ஒரு சுமையாகிவிடும், தலை சுற்றவும் செய்யலாம். வேகவேகமாக ஆழ்ந்து இழுப்பது இன்னும் தவறு. அது படபடப்பைக் கூட்டும்.

5. ஒரே மாதிரியான ஒரு வரிசையை உருவாக்குங்கள்

நீளம் தாண்டுதலில் பெயரை அழைத்ததும் பொதுவாக ஒரு நிமிடம் கிடைக்கும். அதில் கடைசிப் பதினைந்து விநாடி எப்போதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். மார்க்கில் (ஓட்டம் தொடங்கும் அடையாளத்தில்) கால் வைப்பது, ஒரு நீண்ட வெளிமூச்சு, மணலுக்கு அப்பால் ஒரு புள்ளியைப் பார்ப்பது, மனதுக்குள் ஒரே ஒரு சொல், புறப்பாடு. ஒவ்வொரு டிரையலிலும், காலியான கிரௌண்டிலும்கூட, இதே வரிசைதான். ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நன்கு படிந்த திறமை தானாக ஓடும். அழுத்தம் வந்தால் நாம் அதைக் கண்காணிக்கத் தொடங்குகிறோம். "முட்டியை எவ்வளவு தூக்குகிறேன், கடைசி அடி குட்டையாக இருந்ததா" என்று கவனித்தால் ஓட்டம் துண்டு துண்டாக உடையும். சியன் பெய்லாக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002-ல் செய்த சோதனையில், தேர்ந்த கால்பந்து வீரர்களைப் பந்தைக் கொண்டுபோகும்போது தங்கள் பாதத்தையே கவனிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய ஆட்டம் மோசமானது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் உதவியாக இருந்தது. உங்கள் பிள்ளை கற்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்றால் போட்டி நாளில் டெக்னிக் பேசவே பேசாதீர்கள்.

மனதுக்குள் சொல்லும் சொல் உடல் உறுப்பைப் பற்றியதாக இருக்கக்கூடாது. "எழும்பு", "பற", "போ" மாதிரி ஏதாவது. பெங்களூர்ப் பிள்ளைக்குக் கன்னடச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ முதலில் நாவில் வந்தால் அதுவே இருக்கட்டும். "ஃபவுல் ஆகக்கூடாது" மட்டும் வேண்டாம். எதைச் செய்யக்கூடாது என்று நினைக்கிறோமோ அதையே மனம் தேடிப்பிடிக்கும்.

கௌதமபுரம் பக்கம் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு பெனால்டியில் இதே கதைதான். நார்வேயின் கெய்ர் ஜோர்டெட் பெனால்டி ஷூட்-அவுட்களை ஆராய்ந்தபோது, விசில் அடித்ததும் அவசரமாக ஓடி அடிப்பவர்கள் அதிகம் தவறவிடுவதைக் கண்டார். சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் அது. விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓடுவதை வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

வரிசை வேறு, ராசி வேறு. சாமி கும்பிட்டுவிட்டு வருவது நல்லதுதான், மனதுக்கு ஆறுதல். "அந்த நீல சாக்ஸ் இல்லாமல் தாண்ட முடியாது" என்று வந்துவிட்டால் சாக்ஸ் தொலையும் நாளில் எல்லாம் போய்விடும். வரிசையில் இருப்பதெல்லாம் பிள்ளை தன் உடம்போடு கொண்டுபோகக் கூடியதாக இருக்கட்டும்.

6. மூன்றாம் வாரத்திலிருந்து அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்

முழு வழிகாட்டியிலும் பெரிய வேலை இதுதான். பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான். அமைதியான கிரௌண்டில் மட்டும் பழகியவள் சத்தத்தில் தாண்டுவாள் என்று எதிர்பார்ப்பது, தொட்டித் தண்ணீரில் நீந்தப் பழகியவளை ஆற்றில் இறக்குவதுதான்.

அவுடெயன்ஸ், பைப்பர்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஏறுசுவரில் உயரத்தில் நிற்கவைத்து டார்ட்ஸ் எறியப் பழக்கினார்கள். லேசான பயத்தோடு பழகியவர்கள், பிறகு அதைவிடக் கூடுதலான பயத்திலும் தடுமாறவில்லை. துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் ஜெர்மனியில் சுமார் 40 அடி உயரக் கம்பத்தில் ஏறியதும் இதே நோக்கத்தில்தான். அங்கே இறுதிச்சுற்றின் கடைசிக் குண்டில் அவர் எடுத்தது 10.8 புள்ளி, கிடைத்தது தங்கம். நமக்குக் கம்பம் தேவையில்லை.

மூன்றாம் வாரம்: ஒரே ஒரு டிரையல். வார்ம்-அப் முடிந்ததும், "இன்னிக்கு ஒண்ணுதான், இதுதான் கணக்கு" என்று சொல்லி அளந்து நோட்டில் எழுதுங்கள். பத்து முறை தாண்டிப் பழகியவளுக்கு ஒன்றே ஒன்று என்பது பெரிய மாற்றம். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

நான்காம் வாரம்: பார்வையாளர்கள். சீனியர்கள், வீட்டார், பக்கத்து கிரௌண்ட் பிள்ளைகள் குழியின் இரு பக்கமும் நிற்கட்டும். செஸ்ட் நம்பர் குத்துங்கள். பெயரைச் சத்தமாக அழையுங்கள். பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒருவர் கையில் சிவப்புக் கொடி, வெள்ளைக் கொடி கொடுத்து நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தைக் கடிகாரத்தில் ஓடவிடுங்கள்.

காத்திருத்தலையும் இந்த வாரத்திலேயே சேருங்கள். வார்ம்-அப் முடிந்து இருபது நிமிடம் உட்காரவைத்துவிட்டு நேராகத் தாண்டச்சொல்லுங்கள். உண்மையான போட்டியில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது தாண்டும் நொடியைவிட இந்த இருபது நிமிடம்தான். உடல் குளிர்ந்துவிடும், மனம் ஓடத்தொடங்கும். உட்கார்ந்தபடியே மூச்சு, பிறகு எழுந்து இரண்டு மூன்று துள்ளல், பிறகு வரிசை என்று அந்த நேரத்தை நிரப்பக் கற்றுக்கொடுங்கள்.

ஐந்தாம் வாரம்: சின்ன விளைவு. அவள் குறித்த தூரத்தைத் தாண்டினால் குழு முழுக்கக் கடைசி ரவுண்டு ஓடவேண்டாம். மற்றவர்களுக்காகச் செய்யும்போது அழுத்தம் உண்மையாகிறது. முடிந்தால் ஒரு நாளாவது வேறு கிரௌண்டுக்கு, சின்தெட்டிக் டிராக் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ஐந்தில் மூன்று முறை தன் சராசரியைத் தொட்டால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் அதே படியில் இன்னும் சில நாள்.

இங்கே நடக்கும் பிழைகள் மூன்று. ஒன்று, அவமானப்படுத்துவதை அழுத்தம் என்று நினைப்பது. "இதுகூட வரலையா" என்று எல்லோர் முன்னும் கத்துவது பயிற்சியே அல்ல. அடுத்த நாள் அந்தப் பிள்ளை கிரௌண்டுக்கு வராது. இரண்டு, டெக்னிக் மாற்றும் நாளிலேயே அழுத்தமும் கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால் எது எதனால் கெட்டது என்று தெரியாது. மூன்று, கடைசி வாரத்திலும் தொடர்வது. ஆறாம் வாரத்தில் இதை நிறுத்திவிடுங்கள். வரிசையும் மூச்சும் மட்டும் போதும்.

7. முந்தின நாளும் காலையும்

தேவையில்லாத பதற்றத்தை எல்லாம் வீட்டிலேயே ஒழித்துவிட வேண்டிய நேரம் இது. ஆதார், பிறப்புச் சான்றிதழ் நகல், ஸ்பைக்ஸ், குண்டூசி, அளவு நாடா எல்லாம் முந்தின இரவே பைக்குள் போகட்டும்.

பெங்களூர் டிராஃபிக்கை நம்பாதீர்கள். அல்சூரிலிருந்து கண்டீரவாவுக்கு மெட்ரோவில் கப்பன் பார்க் போய் இறங்கி நடந்துவிடலாம். ஆட்டோவில் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் தலையில் ஏறும்.

சாப்பாடு பழகியதே இருக்கட்டும். போட்டிக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு இட்லி, வாழைப்பழம். காபி குடித்துப் பழக்கமில்லாத பிள்ளைக்கு "தெம்பு வரும்" என்று அன்று காபி கொடுக்காதீர்கள். படபடப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. மைக்கில் அறிவிப்பு கன்னடத்தில் வரலாம். நீளம் தாண்டுதல் "உத்த ஜிகித", கடைசி அழைப்பு "கொனெய கரெ". இதை முன்பே சொல்லிவைத்தால், தன் போட்டியை அழைத்துவிட்டார்களோ என்று காது தீட்டிக்கொண்டே இருக்கவேண்டியதில்லை.

8. கால் ரூமிலிருந்து முதல் டிரையல் வரை

கால் ரூமில், அதாவது போட்டிக்கு முன் பெயர் அழைத்து உட்காரவைக்கும் அறையில், போட்டியாளர்கள் எல்லோரும் பக்கத்தில் உட்காருவார்கள். யார் உயரம், யார் ஷூ விலை அதிகம் என்று பார்ப்பதற்குள் பாதி நம்பிக்கை போய்விடும். பார்வையை ஒரு இடத்தில் வைத்து நீண்ட வெளிமூச்சு. படபடப்பு தன் எண்ணுக்கு வந்ததும் மூச்சுப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தாண்டுதலும் குறுந்தூர ஓட்டமும் வெடித்துக் கிளம்பும் விளையாட்டுகள். கடைசி ஐந்து நிமிடம் துள்ளல், தொடையில் தட்டல் என்று உடலை எழுப்பவேண்டும். துப்பாக்கி சுடுபவருக்கும் வில் எய்பவருக்கும் இதற்கு மாறாக, கடைசிவரை மூச்சுப் பயிற்சிதான்.

மார்க்கையும் சரிபாருங்கள். அட்ரினலின் ஏறிய நாளில் ஓட்டம் வேகமாகும், அடி நீளும், கால் போர்டைத் தாண்டி விழும். நம் பிள்ளைகளின் முதல் ஃபவுலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், பயத்தில் கால் குழறியது அல்ல. வார்ம்-அப் ரன்-அப்பில் எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு மார்க்கைப் பின்னால் தள்ளிவைக்கட்டும்.

9. முதல் டிரையல் ஃபவுல் ஆனால்

இதற்கான பதில் முன்பே நோட்டில் இருக்கவேண்டும். பெரிய போட்டிகளில் பொதுவாக மூன்று டிரையல் முடிந்ததும் முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று கிடைக்கும். ஆக இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. மணலிலிருந்து நடந்து வரும்போது ஒரு நீண்ட மூச்சு, "எவ்வளவு ஃபவுல்" என்ற ஒரே கேள்வி, மார்க்கில் அந்த அளவு மாற்றம். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பயிற்சியாளர் எல்லைக் கோட்டிலிருந்து நான்கு அறிவுரை கத்துவது, படி 5-ல் கட்டிய வரிசையை ஒரே நிமிடத்தில் இடித்துவிடும்.

10. வீட்டார் செய்யவேண்டியது

போட்டிக்கு முன்: "உன் வரிசையைச் செய், நாங்க பார்க்க வந்திருக்கோம்." அவ்வளவுதான். செலவான பணம், போட்ட லீவு, விளையாட்டுக் கோட்டாவில் கிடைக்கக்கூடிய காலேஜ் சீட், இவை எதுவும் அன்று வாயில் வரக்கூடாது. பிள்ளைக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

போட்டிக்குப் பின் முதல் கேள்வி "எவ்வளவு தாண்டினே?" என்று இருக்கவேண்டாம். "பசிக்குதா?" போதும். தூரத்தைப் பற்றி அவளே பேசுவாள், அன்று இரவோ மறுநாளோ.

11. எப்போது நிபுணரிடம் போகவேண்டும்

போட்டி இல்லாத நாளிலும் தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, பிடித்த விளையாட்டையே வெறுப்பது, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு. இவை கிரௌண்டில் தீரும் விஷயங்கள் அல்ல. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, தமிழிலும் பேசலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலத்துக்காக அணி இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார், 2024 பாரிஸில் திரும்பி வந்து தங்கம் வென்றார்.

யாரோ சொன்னார்கள் என்று படபடப்பு மாத்திரை கொடுக்காதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை ஆஸ்துமா உள்ள பிள்ளை எடுத்தால் ஆபத்து. துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற விளையாட்டுகளில் அவை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கின்றன.

12. மறுநாள் நோட்டு

படி 2-ல் எழுதிய அதே கேள்விகள்: படபடப்பு எண், காத்திருந்த நேரம், வரிசை எத்தனை டிரையலில் முழுதாக நடந்தது. தூரத்தைக் கடைசியில் எழுதச்சொல்லுங்கள். வரிசை நடந்தும் தூரம் வரவில்லை என்றால் டெக்னிக்கைப் பாருங்கள். வரிசையே நடக்கவில்லை என்றால் படி 6-ல் எந்தக் கட்டம் போதவில்லை என்று தேடுங்கள், அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம். அடுத்த போட்டி இரண்டே வாரத்தில் இருந்தால் முழுச் சுற்றுக்கு நேரம் இல்லை. மூச்சு தினமும், ஒற்றை டிரையல் இரண்டு முறை, இருபது நிமிடக் காத்திருப்பு ஒரு முறை, மற்றதை விட்டுவிடுங்கள்.